இவ்வாண்டு நாம் கேட்ட இசைத்தட்டுகள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேசுவதற்குப் புலவர்களையும் பேராசிரியர்களையும் அழைப்பது நம் சங்கத்தின் வழக்கம். இம்முறை இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பதிவேடு எழுதும் நம்மை மேடையேற்றிவிட்டனர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவர் நாம். இராகம் கேட்டால் மகிழத் தெரியும். அதன் இலக்கணம் கேட்டால் விழிக்கத்தான் தெரியும். ஆயினும், மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று மாலை இம்மண்டபத்தின் பின்னறையில் கூடி இசைத்தட்டுக் கேட்கும் இருபது முப்பது பேருள் நாமும் ஒருவர். அக்கூட்டத்தின் சார்பில், இவ்வாண்டு கேட்டவற்றுள் நம் உள்ளம் கவர்ந்தவை எவை என்று எடுத்துரைக்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

அதற்கு முன் ஒரு செய்தியைச் சொல்லிவிடவேண்டும். அப்பின்னறையைக் காலி செய்து நாற்காலிகளை அடுக்கலாம் என்றும், மூன்று மரப்பெட்டிகளில் உள்ள தட்டுகளையும் அவற்றைச் சுழற்றும் பெட்டியையும் விரும்புவோர்க்குக் கொடுத்துவிடலாம் என்றும் செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்திருக்கிறது. நாற்காலிகளுக்கு இடம் வேண்டும். அதனை மறுப்பார் இலர். “கைப்பேசியில் கிடைக்காத பாட்டு இக்காலத்தில் உண்டா?” என்று நண்பர்கள் கேட்கின்றனர். மிகச் சிலவே உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். நாமே சிலவற்றைக் கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கியில் இணைத்துத்தான் கேட்டோம். எனவே இப்பேச்சைப் பட்டியலாகக் கொள்வோர் பட்டியலாகக் கொள்க. விண்ணப்பமாகக் கொள்வோர் விண்ணப்பமாகக் கொள்க.

முதலில் கௌஹர் ஜான் அம்மையாரின் தட்டு. இப்பெயரை நம்மில் பலர் இவ்வாண்டு ஆடி மாதத்தில்தான் கேள்வியுற்றோம். 1902ஆம் ஆண்டு நவம்பரில் பிரெடரிக் கெய்ஸ்பர்க் என்பார் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவிற்கு வந்து, நம் நாட்டுப் பாடகர்களின் குரலைத் தட்டில் பதியத் தொடங்கினார். அந்நாளில் மைக்ரோபோன் கிடையாது. பெரிய குழலொன்றின் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாடவேண்டும். மறுமுனையில் உள்ள ஊசி மெழுகுத் தட்டைக் கீறிச் செல்லும். பாடுவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று நிமிடம். நம் வழித்தடத்துச் சிறு நிலையங்களில் வண்டி நிற்பது இரண்டு நிமிடம். அதனினும் ஒரு நிமிடமே கூடுதல். விடிய விடியப் பாடிப் பழகியவர்கள் அம்மூன்று நிமிடத்துள் ஓர் இராகத்தின் உருவத்தைக் காட்டவேண்டியிருந்தது.

கீறிய மெழுகுத் தட்டுகள் கப்பலேறி, ஜெர்மனி நாட்டின் ஹானோவர் நகருக்குச் சென்று, ஆங்கே அச்சாகித் திரும்பி வரும். ஆங்குள்ள தொழிலாளிக்கு இன்ன தட்டில் பாடியவர் இன்னார் என்று எங்ஙனம் தெரியும்? அதற்காகவே பாட்டு முடிந்ததும் அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். பெயர்ச்சீட்டு ஒட்டாத பொதி எந்தெந்த ஊர்களைச் சுற்றிவரும் என்பது நம் அலுவலகத்தார்க்கு நன்கு தெரியும். அம்மையாரோ பெயர்ச்சீட்டைப் பாட்டினுள்ளேயே ஒட்டிவிட்டார்!

ஆஸம்கரில் பிறந்து, கல்கத்தாவில் செல்வச் சிறப்போடு வாழ்ந்து, பல மொழிகளிலும் நூற்றுக்கணக்கான தட்டுகள் தந்த அவ்வம்மையார், பின்னர் வாழ்வு தளர்ந்து அலைந்தார். 1928இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரை அழைத்து மைசூர் அரண்மனை வித்வாம்சகியாக அமர்த்தினார். ஒன்றரை ஆண்டுதான். 1930ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் இவ்வூர்க் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையில் அவர் காலமானார். நம் இரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அம்மருத்துவமனைக்கு நம் வீட்டுப் பெண்மணிகள் பிள்ளைப்பேற்றிற்கும் காய்ச்சலுக்கும் எத்தனை முறை சென்றிருப்பார்கள்! நாட்டின் முதல் இசைத்தட்டுப் புகழ் பெற்றவர் அங்கே கண்மூடினார் என்பது நம் காலனியில் ஒருவர்க்கும் தெரிந்திருக்கவில்லை.

அத்தட்டு ஓடி முடிந்தபோது பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். பின்னர் ஒருவர்பின் ஒருவராகப் பெட்டியின் முன் வந்து நின்று தத்தம் பெயரை உரக்கச் சொல்லிச் சென்றனர். பன்னிரண்டு பேர். தம் பெயரைத் தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் அவர்களுள் மூவரே. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். பிள்ளைகளைக் குறை சொல்லுதல் தகாது. அன்று நம் ஞாயிறு வகுப்பு ஆசிரியை ஒரு வழி கண்டார். தட்டுகளின் உறைகள் பல கிழிந்து கிடந்தன. பழுப்புத் தாளில் புதிய உறை செய்து, அதன்மேல் பாடியவர் பெயரைத் தமிழில் எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். இதுவரை நாற்பது உறைகள் முடிந்திருக்கின்றன. ளகரமும் ழகரமும் இடம் மாறிய உறைகள் சில உண்டு. ஒரு சிறுமி கௌஹர் ஜான் என்று எழுதி, அதன் கீழே தன் பெயரையும் அதே அளவில் எழுதிவைத்திருக்கிறாள். அதனை அழிக்க நமக்கு மனம் வரவில்லை.

அடுத்தது, அதே அரண்மனையில் அதே ஆண்டுகளில் இருந்த நம்மவர் ஒருவர். திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் 1927இல் மைசூர் ஆஸ்தான வித்துவானாக அமர்ந்தார். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்தவர்களுள் நாம் கடைசி. அவர் நமக்கு மூத்தவர் என்று பெருமை கொள்ளலாம். வந்தவர் சும்மா இருந்தாரில்லை. சாமுண்டீசுவரியின்மீது கன்னட மொழியில் நூற்றெட்டுக் கிருதிகள் இயற்றினார். இங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தும் பேருந்தில் கன்னடப் பெயர்ப்பலகை படிக்கத் திணறும் அன்பர்கள் சிலர் இச்சபையிலேயே இருப்பதால், இதற்கு மேல் நாம் விரித்துரைக்கவில்லை.

பாகவதர் ஆக்கியவற்றுள் பெரும்பாலோர் அறிந்தது ‘இங்கிலீஷ் நோட்டு’. பாண்டு வாத்தியத்தின் நடையில் சுரங்கள் துள்ளி வரும் அச்சிறு உருப்படியை ஊரெங்கும் பரப்பியவர் அவருடைய மாணாக்கர் மதுரை மணி ஐயர். அவர்தம் கச்சேரிப் பதிவொன்றைப் புரட்டாசியில் கேட்டோம். கண்பார்வை குன்றிய அப்பெரியார் சுரங்களை உதிர்க்க உதிர்க்க, நம் கூட்டத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வு பெற்ற கார்டு அவர்கள், கையில் கொடி இருப்பதாகவே எண்ணி அசைத்துக்கொண்டிருந்தார். இப்பதிவுக்கு நம் பட்டியலில் மூன்றாம் இடம்.

இனி, கேட்டவர்களுள் பாதிப் பேர் உறங்கிவிட்ட தட்டைப்பற்றியும் சொல்லவேண்டும். ஜயசாமராஜ உடையார் என்றால் கர்நாடக இசையில் தொண்ணூற்று நான்கு கிருதிகள் இயற்றிய அரசர் என்பதும், 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர் என்பதும் பலரும் அறிந்தவை. அவர் மேனாட்டு இசைத்தட்டுகளின் பெரும்பித்தர் என்பது அத்துணைப் பேர் அறியாதது. அவரிடம் இருந்த தட்டுகள் இருபதாயிரம் என்பர். நம்மிடம் மூன்று பெட்டி இருப்பதற்கே இடத்தகராறு!

இலண்டனில் நிகோலாய் மெத்னர் என்ற ருஷ்ய இசைப் புலவர் முதுமையிலும் நோயிலும் வாடிக்கொண்டிருந்தார். காலம் அவரைக் கடந்து போய்விட்டது என்று அந்நாட்டு இரசிகர்களே எண்ணிய நேரம். மைசூர் மன்னர் அவருடைய இசையை விரும்பிக் கேட்டு, அவர் படைப்புகளை அவரே வாசிக்க எச்.எம்.வி. தட்டுகளில் பதிவதற்கு 1940களின் பிற்பகுதியில் பொருளுதவி செய்தார். மெத்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்டோவை மைசூர் மன்னர்க்கே உரிமையாக்கினார், 1951இல் மறைந்தார். அத்தொகுதியில் ஒரு பகுதியைக் கைப்பேசி வழியே கேட்டோம். பழகாத காதுக்கு அது நெடிய பிரயாணமாகத்தான் இருந்தது. ஆனால், வேற்று நாட்டார் ஒருவர்தம் இசை அழிந்துபோகாமல் தட்டில் ஏறியது நம் ஊர்ப் பணத்தால் என்று அறிந்து கேட்கும்போது, விழித்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

இதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மானிய இசைப்பேரறிஞர் தம் இறுதி நாளில் நான்கு பாடல்கள் எழுதிவைத்து, அவை அரங்கேறக் காணாமலே 1949இல் மறைந்தார். 1950 மே 22ஆம் நாள் இலண்டன் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஃபுர்ட்வாங்க்லர் இசைக்குழுவை நடத்த, கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் அம்மையார் அவற்றை முதன்முதலாகப் பாடினார். வாசித்த பில்ஹார்மோனியா குழுவின் சங்கத்திற்கு முதல் தலைவர் நம் மைசூர் மன்னர். ஒத்திகையும் அரங்கேற்றமும் குறைவின்றி நடைபெற 4,800 டாலருக்கு அவர் பிணை நின்றார். நிகழ்ச்சியைத் தட்டில் பதிந்து மைசூருக்கு அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. கடல் கடந்து, துறைமுகத்தில் இறங்கி, இரயிலேறி வரவேண்டிய பொதி! ‘உடையும் பொருள்’ என்று சிவப்பு மையில் எழுதிய பெட்டியைத் தூக்கும்போது போர்ட்டரின் கை படும் பாட்டை நாள்தோறும் காண்கின்ற நமக்கு, பாட்டைவிட அப்பெட்டியே நெஞ்சில் நின்றுவிட்டது. அந்த அரங்கேற்றத்தின் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. இரைச்சல் மிகுதி. இரைச்சலுக்குப் பின்னால் அம்மையாரின் குரல், மலைக்கு அப்பால் விளக்கெரிவதுபோல் தெரிகிறது.

இலண்டன் என்றதும் இளைஞர்கள், “நம் இளையராஜாவை விட்டுவிட்டீர்களே!” என்று குரல் எழுப்புகிறார்கள். விடவில்லை. பண்ணைப்புரத்தில் பிறந்த அவர் 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் இராயல் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு தம் சிம்பொனியை அரங்கேற்றியதை நாம் அனைவரும் கொண்டாடினோம். எனினும் நம் கூட்டம் தேர்ந்தது, 1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் தொகுதியையே. தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானியர் பாக் அவர்கட்கும் காணிக்கையாக்கப்பட்ட இசை அது. பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை, வி.எஸ். நரசிம்மன் அவர்களின் வயலினும் பிற கருவிகளும் மட்டுமே. சொல் இல்லாத காரணத்தால் நம் கன்னட நண்பர்கள் நால்வர் அன்று வந்து, கடைசிவரை இருந்தனர். இதற்கு இரண்டாம் இடம்.

முதலிடம் பெற்றது செம்பை வைத்தியநாத பாகவதரின் கச்சேரிப் பதிவு. செம்பையின் குரல் வெண்கல மணி; அதில் ஐயமில்லை. ஆனால் அப்பதிவை நாம் தேர்ந்தது அவருக்கு வயலின் வாசித்த சௌடையா அவர்களுக்காக. மைசூரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் உள்ள திருமகூடலு நரசீபுரம் அவருடைய ஊர். பிடாரம் கிருஷ்ணப்பா அவர்களிடம் குருகுலவாசம் செய்து, தமிழ்நாட்டு மேடைகளில் பெருவித்துவான்கள் பலர்க்கும் பக்கத்துணையாக அமர்ந்து, 1957இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஒலிபெருக்கி பெருகாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று நான்கு தந்தி வயலினை ஏழு தந்தி வயலினாக்கினார். அதன் முழக்கம் இந்தப் பதிவில் நன்றாகத் தெரிகிறது. செம்பை ஒரு சுரக்கோவையை வீசுகிறார். சௌடையா அதனைப் பிடித்து, இன்னும் சற்று உரக்கத் திருப்பி வீசுகிறார். பாகவதர் பாட்டை நிறுத்தி மகிழ்ந்து ‘பேஷ்’ போடுகிறார். தட்டில் பதியாமல் கச்சேரியில் பதிந்ததன் பயன் இது.

நரசீபுரம் கபினி காவிரியோடு கூடும் இடம். அக்காவிரிதான் ஒகேனக்கல்லும் மேட்டூரும் கடந்து தஞ்சைக்குப் போகிறது. அவ்வாற்றின் பெயரால் நம் இரு மாநிலங்களுக்கும் இடையே நிகழ்ந்தவற்றை விழாமேடையில் நீட்டிப் பேசுதல் வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். 1991இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரிலும் தென் மாவட்டங்களிலும் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. அன்று பிள்ளைகளாயிருந்தோர் நாம். பெரியவர்கள் கதவைச் சாத்தி, டேப் ரெக்கார்டரை நிறுத்தி வைத்தனர். காலனியில் சில நாள் பாட்டொலியே இல்லை. நான்காம் நாள் காலையில் அடுத்த வீட்டுக் கன்னடப் பாட்டியார் வந்து கதவைத் தட்டினார். உள்ளே அனைவர்க்கும் நெஞ்சு படபடத்தது. “மூன்று நாளாகச் சுப்ரபாதம் போடவில்லையே, என்ன ஆயிற்று? அது முடிந்தால் பால் காய்ச்சுவேன். இப்போது எல்லாம் நேரம் தவறுகிறது” என்றார். பயத்தைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நின்று, போட்ட பின்புதான் போனார்.

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் நெடுந்தட்டாக வெளிவந்தது. அதனைப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று மாதர் அணியினர் வற்புறுத்தினர். அது நம் வீடுகளில் கடிகாரமாகிவிட்ட காரணத்தால், போட்டிக்குப் புறம்பாக வைத்தோம். கடிகாரத்திற்குப் பரிசு கொடுப்பார் உளரோ?

மாதர் அணியினர் சினம் தணிய வேண்டி அவர்களுடைய தேர்வையும் சொல்லிவிடுகிறோம். பி.பி. ஸ்ரீநிவாஸ் அவர்களின் பாடல்கள். காக்கிநாடாவில் பிறந்த அவர், தமிழ்த்திரையில் ஜெமினி கணேசனுக்கும் கன்னடத்திரையில் ராஜ்குமாருக்கும் குரல் தந்தவர். 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ப் பாட்டைக் கேட்டு நம் தாய்மார் உருகிய அந்நாளில், சுவருக்கு அப்பால் பாட்டியார் வீட்டிலும் அதே குரல்தான் ராஜ்குமாராகிப் பாடிக்கொண்டிருந்தது. மார்கழிக் கூட்டத்தில் தமிழ்ப் பாட்டொன்று, கன்னடப் பாட்டொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டோம். அறை நிறைந்து, திண்ணையிலும் ஆட்கள் நின்றனர். நம் வாக்கு இதற்கு இல்லை. ஆனால் ஆண்டிலேயே மிகுதியான கூட்டம் வந்தது இதற்குத்தான் என்று பதிவேட்டில் உள்ளபடி உரைக்கிறோம்.

விட்டுப்போனவை பல. வீணை துரைசாமி ஐயங்கார் அவர்களின் தட்டினைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மைசூர் வீணைப் பாணியின் மீட்டு அழுத்தமும் தெளிவும் உள்ளது. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லியருள்க. கிட்டப்பாவின் தட்டு ஒன்று நம்மிடம் உள்ளது. குறுக்கே விரிசல் ஓடியிருப்பதால் ஊசியை வைக்க அஞ்சுகிறோம். இருபத்தேழு இருபத்தெட்டு வயதில், 1933இல் மறைந்தவர். அரக்கினால் ஆன அப்பழைய தட்டு கீழே விழுந்தால் ஓடு உடைவதுபோல் உடையும். அதற்காகவே நாற்காலிகளுக்கிடையே அப்பெட்டிகளை வைக்கவேண்டாம் என்கிறோம். நாற்காலிகளை மேடைக்குக் கீழே அடுக்கலாம். அளந்து பார்த்தோம், அறுபது நாற்காலிகள் தாராளமாகக் கொள்ளும். எஞ்சியவற்றை நம் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.

செயற்குழு எத்தகைய முடிவு செய்யினும், வருகிற இரண்டாம் ஞாயிற்றுக் கூட்டம் முன்னரே அறிவிக்கப்பட்டது, அது நடைபெறும். அன்று திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்களின் நாதசுரத் தோடி. மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் தட்டின் இரு பக்கத்தில் அதனை எங்ஙனம் அடக்கினார் என்று கேட்போம். முதற்பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு கீறல் உண்டு. நான்கு சுற்றுக்குப் பின் சரியாகிவிடும். மாலை நான்கரை மணிக்குத் தொடக்கம். உறை எழுதும் பிள்ளைகள் அரைமணி முன்னதாக வரவேண்டும். இராஜரத்தினம் பிள்ளை என்பதில் எந்த ளகரம் என்று யாரிடமும் கேட்காமல் எழுதுகிறவர்க்குத் தட்டில் ஊசி வைக்கும் உரிமை அளிக்கப்படும்.